காலை ஊன்றாத மாடு

காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியிலே மாரிகாலத்தில் ஒரு முறையேனும் பயணஞ் செய்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். இருமருங்கும் வெள்ளம். வயல் எது, வாய்க்கால் எது என்று பிரித்தறிய இயலாத ஒரே நீர்ப்பரப்பு. அதன் நடுவே நீண்டு கிடக்கும் தார் வீதியின் மேல் மாடுகள் நிற்கும். சாரதிகள் ஒலியெழுப்புவர்; ஏசுவர்; மாடுகளோ அசைவதில்லை. மாட்டுக்கு அறிவு கிடையாது என்று சிலர் சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கின்றோம். உண்மை அதற்கு மாறானது. கண்ணுக்கெட்டிய தூரத்திலே காலுக்கு உலர்ந்த தரை அவ்வீதி ஒன்றுதான் என்பதை அம்மாடுகள் நன்கு அறிந்திருக்கின்றன.

அத்தகைய ஒரு காலைப்பொழுதிலே நாமும் அங்கு தடைபட்டு நின்றோம். மந்தை மெல்ல நகர்ந்தது. அதன் கடைசியிலே, ஏனைய மாடுகள் கடந்து போனபின், ஒரு செவலைப் பசு தனியே வந்தது. பின்காலொன்றை ஊன்றாமல், குளம்பின் நுனியால் மாத்திரம் தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. பட்டிக்காரரோ ஐம்பது வயதைக் கடந்தவர். தலையிலே உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

"காக்கா, இந்த மாட்டுக்கு என்ன?" என்று வினவினோம்.

"முள்ளுக் குத்தியிருக்கும் தம்பி. மூணு நாளாக் கால ஊண்டுதில்ல. தானாச் சரியாகும்."

"காலைத் தூக்கிப் பார்த்தீர்களா?"

"தூக்கிப் பாக்கிறதுக்கு ஆள் வேணுமே!" என்றார். பின்னர் குரலைத் தாழ்த்தி, "நேத்து ஒரு தரகர் வந்தார். பாதி விலைக்குக் கேட்டார். குடுத்துட்டாலும் நல்லம்போலதான் கிடக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

தானாகச் சரியாகும் என்பதும், கொடுத்துவிடலாம் என்பதும் கல்முனைப் பக்கத்திலே நொண்டும் மாட்டைக் கண்ட மாத்திரத்தில் எழுகின்ற இரண்டு எண்ணங்கள். இரண்டும் எத்துணை நட்டத்தை விளைவிக்கக்கூடியவை என்பதைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். மாடு வளர்க்காதவர்களுக்கும் இதிலே பங்குண்டு. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காலைத் தேநீருக்குக் கலக்கும் பாலும், பகலுணவின் பின் உண்ணும் சட்டித் தயிரும் அந்தக் கால்களின் மீதுதான் நடந்து வருகின்றன.

குளம்பு என்பது நகம்

மாட்டின் குளம்பைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருளாக நாம் எண்ணிவிடுகின்றோம். நமது விரல் நகம் எவ்வாறோ அவ்வாறே அதுவும் வளர்கின்ற ஒரு பொருள். மாதமொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் கீழ்நோக்கி வளர்கின்றது. நடக்க நடக்கத் தேய்கின்றது. வளர்ச்சியும் தேய்வும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. வெளியே தோன்றும் கடினமான ஓட்டுக்குள்ளே இரத்தமும் நரம்பும் நிறைந்த மெல்லிய தசையும், அதற்குள் எலும்பும் உள்ளன. அடிப்பாகத்தின் தடிப்போ ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. பல நூறு கிலோ பாரத்தைத் தாங்குகின்ற மாட்டுக்கும் சேற்றிலே புதைந்த ஆணிக்கும் இடையிலே உள்ள காவல் அவ்வளவுதான்!

குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. மாட்டுக்கோ காலுக்கு இரண்டு. ஆகையினாலேதான் வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பவர் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தகடுகளாக நான்கு கால்களுக்கும் எட்டுத் தகடுகள் தயாரிக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டு குளம்புகளுக்கும் இடையிலுள்ள பிளவிலே மூடியிருப்பது வெறுந்தோல். மாட்டின் காலிலே மிகவும் எளிதில் காயப்படும் இடம் அதுதான்.

வீதிகளும் வண்டிகளும் பெருகுவதற்கு முந்திய காலத்தில், கிழக்குக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் உப்பையும் கருவாட்டையும் மாடுகளின் மீது பொதியேற்றி, காட்டு வழியாக ஊவாவுக்கும் கண்டி நாட்டுக்கும் கொண்டு சென்றனர். அப்பொதிமாட்டு வரிசைக்குத் 'தவளம்' என்று பெயர். மலையடிவாரத்திலே ஒரு மாடு காலை ஊன்ற மறுத்துவிட்டால், அதன் பொதியைச் சுமக்க இன்னொரு மாடு இல்லை. நொண்டுகின்ற மாட்டைக் கண்டு 'தானாகச் சரியாகும்' என்று நடையைத் தொடர்ந்திருக்க அவர்களால் இயன்றிராது.

மாரி செய்யும் வேலை

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர்களில் மந்தையின் ஆண்டு வாழ்க்கை நெல்லைப் பின்பற்றியே நடக்கின்றது. பெரும்போகத்துக்கு வட்டைகளிலே விதைப்புத் தொடங்கியதும் மாடுகள் வயலை விட்டு வெளியேற வேண்டும். அறுவடை முடிந்ததும் தாளடியை மேய மீண்டும் வரும். இடையிலுள்ள மாதங்களிலே அவற்றுக்கு இடம் எது? முன்னே காடும் காட்டோரத்துப் புல்வெளியும் இருந்தன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் பட்டிப்பளை ஆற்று நீர் புதிய நிலங்களுக்குப் பாய்ந்தது, நெல் பெருகியது. நெல் பெருகிய இடமெல்லாம் மேய்ச்சல் தரை சுருங்கியது. இதனை முறைப்பாடாகக் கூறவில்லை. சோறு உண்பவர்கள் நாம். ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

சுருங்கிய மேய்ச்சல் தரையில் அடைபட்ட மந்தை, மழையிலே தன் சாணத்தையும் சிறுநீரையும் தானே மிதித்துச் சேறாக்குகின்றது. இரவு முழுவதும் அச்சேற்றிலே நிற்கின்றது. நாள் முழுவதும் துணி துவைத்தவரின் விரல் தோல் எவ்வாறு வெளுத்து ஊறிப்போகின்றதோ, அவ்வாறே குளம்பிடைத் தோலும் ஊறி மென்மையாகின்றது. குளம்பின் ஓடும் இளகுகின்றது. அந்நிலையில் ஒரு நெற்றாள் முனையோ நத்தை ஓடோ கீறினாலும் போதும், நோய்க்கிருமிக்கு வழி பிறந்துவிடும்.

அக்கிருமியின் விஞ்ஞானப் பெயர் 'பியூசோபக்ரீரியம் நெக்ரோபோரம்' என்பது. மாணவர்கள் இப்பெயரை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதன் இயல்பொன்றை மறக்கலாகாது. அது காற்றில்லாத இடத்திலேயே செழிக்கும். மாட்டின் குடலிலேயே இயல்பாக வாழ்ந்து, சாணத்தோடு வெளியேறி, சேற்றிலே காத்திருக்கின்றது. சேறும் சாணமும் அடைத்த குளம்புப் பிளவு அதற்கு வாய்த்த வீடு. இவ்வாறு உண்டாவதே குளம்பழுகல்.

அதன் அறிகுறிகள் தெளிவானவை. நேற்று நன்றாக நடந்த மாடு இன்று திடீரென நொண்டும். பெரும்பாலும் ஒரே கால். குளம்பிடைத் தோல் சிவந்து பிளக்கும், குளம்புக்கு மேலே இருபுறமும் ஒரேயளவாக வீங்கும், காய்ச்சல் காணும், பால் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம். அந்நாற்றத்தை ஒரு முறை நுகர்ந்தவருக்கு மறுமுறை எவரும் விளக்கத் தேவையில்லை.

முதல் நாளிலே கவனித்தால் இது எளிதில் தீரக்கூடியது. காலைத் தூக்கிக் கட்டி, நீரால் நன்கு கழுவி, பிளவிலே அகப்பட்டிருக்கும் பொருளை அகற்றிவிட வேண்டும். கால்நடை வைத்தியர் ஊசி மருந்து ஏற்றுவார். மாட்டை உலர்ந்த இடத்திலே கட்ட வேண்டும். சில தினங்களிலே கால் ஊன்றும். ஐந்தாறு நாள் தாமதித்தாலோ, கிருமி உள்ளே சென்று மூட்டையும் எலும்பையும் தொட்டுவிடும். பிறகு ஊசியும் பயன்படாது. பாதிக்கப்பட்ட குளம்பை வெட்டியெடுப்பது அல்லது மாட்டை இழப்பது என்ற நிலை வரும். ஊசி ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாளைக்கு விற்கலாகாது என்பதையும் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதனைக் கேட்பவர்கள் மிகச் சிலரே என்பது எமது அனுபவம்.

அழுகல் பலமுறை தலைகாட்டும் பட்டிகளில் மாடுகள் நடந்து செல்லும் வாயிலிலே ஆழமற்ற தொட்டியொன்று கட்டி, பத்து லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோ வீதம் மயில்துத்தம் கரைத்து, குளம்பு மூழ்கும் அளவுக்கு நிரப்பி நடக்கவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தொட்டிக்கு முன்னே காலைக் கழுவாவிட்டால் சாணம் கலந்து மருந்தின் வலு கெடும். வேலை முடிந்தபின் அந்நீரை வாய்க்காலிலே கொட்டிவிடவுங் கூடாது. மீனுக்கு அது நஞ்சு.

கால்வாய் நோய்

இனி, மாடு நொண்டும்போது முதலிலே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நொண்டுவது ஒரு மாடா, பல மாடுகளா?

பல மாடுகள் என்றால், உடனே வாயைத் திறந்து பார்க்க வேண்டும். எச்சில் நூல் நூலாக வடிகின்றதா? நாக்கிலும் முரசிலும் கொப்புளம் உண்டா? வாயைச் சப்புக்கொட்டுகின்றதா? குளம்பிடையிலும், குளம்பும் தோலும் சேரும் விளிம்பிலும், பசுவின் முலைக்காம்பிலும் கொப்புளங்கள் காணப்படுகின்றனவா? அவ்வாறாயின் அது குளம்பழுகலன்று, கால்வாய் நோய். தமிழ்நாட்டார் இதனைக் கோமாரி என்பர். காணை என்ற பழம்பெயரும் உண்டு. கால்வாய் என்றதும் நீர்ப்பாசனக் கால்வாயை எண்ணிக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். இது காலுக்கும் வாய்க்கும் வரும் நோய். கைக்குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய்க்கும் இதற்கும் உறவில்லை. இரண்டும் வேறுவேறு வைரசுகளால் வருவன. ஆகவே தாய்மார் அஞ்சத் தேவையில்லை.

இந்நோயின் வரலாறு விஞ்ஞான மாணவர்களுக்குச் சுவையானது. 1898ஆம் ஆண்டில் ஜேர்மனியரான லொப்லர், புரொஷ் என்னும் இருவர், நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை எடுத்து, பக்ரீரியாக்கள் யாவற்றையும் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடியினூடாகச் செலுத்தினர். வடிந்த தெளிநீரை நல்ல கன்றுகளுக்கு ஏற்றியபோது அவையும் நோயுற்றன. அக்கன்றுகளிலிருந்து எடுத்த நீர் வேறு கன்றுகளையும் தாக்கியது. பக்ரீரியாவினும் சிறியதாய், உயிருள்ள உடலிலே பெருகுவதாய் ஏதோ ஒன்று உண்டென்று அவர்கள் முடிவு செய்தனர். விலங்கு நோயொன்றுக்கு வைரசு காரணமென நிறுவப்பட்டது அதுவே முதன்முறை. பின்னர் லொப்லரின் பரிசோதனைகளால் அயற்பண்ணை மாடுகளுக்கே நோய் தொற்றும் அபாயம் நேரவே, 1910இல் அவர் தமது ஆய்வுகளைப் பால்ட்டிக் கடலிலுள்ள றீம்ஸ் என்னும் சிறு தீவுக்கு மாற்றினார். அறிஞரின் கையிலேயே அடங்காத நோய், கயிறு பிடித்த நமது கையிலே எவ்வாறு அடங்கும்?

வைரசு நோயாகையால் ஊசி மருந்தினால் இதனைக் கொல்ல இயலாது. புண்ணிலே வேறு கிருமி சேராமல் தடுக்கவே மருந்து உதவும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இறப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களிலே எழுந்துவிடும். ஆதலால் 'வந்து போகிற நோய்' என்று சிலர் அலட்சியப்படுத்துகின்றனர். எழுந்த மாட்டை மீண்டும் பார்க்க வேண்டும்! சிலவற்றில் குளம்பின் ஓடே கழன்று விழுந்திருக்கும். புண்ணிலே ஈ முட்டையிட்டுப் புழு நெளியும். சில மாடுகள் அதன்பின் ஆயுள் முழுவதும் வெயிலைத் தாங்காமல் நாய்போல இளைத்துக்கொண்டே நிற்கும். வற்றிய மடி பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இளங்கன்றுகளின் நிலை இன்னும் கொடியது. வைரசு அவற்றின் இதயத் தசையைத் தாக்குவதனால், கொப்புளம் தோன்றுமுன்னரே, பால் குடித்துக்கொண்டு நின்ற கன்று சுருண்டு விழுந்து இறக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்திலே புலிக்கோடுகள் போன்ற வரிகள் தென்படும். 'புலி இதயம்' என்று வைத்தியர்கள் கூறுவது இதனைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் அறிந்த ஒரு பட்டியிலே இது நேர்ந்தது. மலிவாகக் கிடைத்தனவென்று இரண்டு நாம்பன்களை வாங்கி மந்தையோடு சேர்த்தார்கள். இரண்டும் சிறிது நொண்டின. 'லொறியிலே வந்த அலுப்பு' என்று விற்றவர் சொன்னாராம். பத்து நாள் கழியுமுன்னர் பட்டி முழுவதும் எச்சில் வடித்தது. காலையில் ஒரு கன்று, மாலையில் ஒரு கன்று என்று இழுத்துச் சென்று புதைத்தார்கள். அவ்வீட்டுப் பெண்மணி, பால் கறக்கும் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதனருகே அமர்ந்திருந்த காட்சி இன்னும் எம் கண்முன்னே நிற்கின்றது. அந்த இரு நாம்பன்களை விற்றவர் நட்டத்திலிருந்து தப்பினார். அவர் தப்பிய நட்டம் பன்மடங்காகி இன்னொருவர் வாசலுக்கு வந்தது.

இங்கேதான் தரகரின் பாதி விலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது. நோய் கண்ட பட்டியிலிருந்து ஒரு மாடு விற்கப்படும்போது, வைரசும் கூடவே விற்கப்படுகின்றது. மாட்டோடு மாத்திரமன்று, அதனை ஏற்றிய லொறியின் பலகையிலும், ஓட்டி வந்தவரின் செருப்பிலும், சாரத்தின் கரையிலும் அது பயணஞ் செய்கின்றது. 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, வேகவைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடையே தொடங்கிய இந்நோய், சந்தைக்குச் சந்தை மாறிய செம்மறியாடுகளோடு நாடெங்கும் பரவியது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொன்றழிக்கப்பட்டன. மே 3இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலையே யூன் 7க்குத் தள்ளிவைத்தார்கள். அவ்வாறு கொன்று தடுக்கும் வசதியோ மனமோ நம் நாட்டிலே இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. நமக்குள்ள வழிகள் தடுப்பூசியும், நோயுற்ற மாட்டை நகர்த்தாதிருப்பதுமே. 2014இலே இலங்கையின் பல மாகாணங்களில் இந்நோய் பரவியபோது இவ்விரண்டின் அருமையும் நன்கு உணரப்பட்டது.

அதே 2014இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஒக்டோபர் முற்பகுதியிலே வந்தது. 2024இல் யூனிலே வந்தது. பிறைக் கணக்கினாலே பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னகர்ந்து, மாரியையும் கோடையையும் மாறிமாறித் தொட்டுச் செல்கின்றது. எப்பருவத்தில் வந்தாலும் அதற்கு முந்திய வாரங்களிலே உள்நாட்டுப் பட்டிகளிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய கரையோர ஊர்களுக்கு மாடுகள் வந்துகொண்டேயிருக்கும். நோய் பரவுவதற்கு இதைவிட வாய்ப்பான காலம் வேறில்லை. நொண்டுகின்ற மாட்டை அவசரமாகத் தள்ளிவிட நினைப்பவருக்கும் இதுவே வாய்ப்பான காலம்.

ஆனால் மார்க்கச் சட்டம் இவ்விடயத்திலே மிகவும் கண்டிப்பானது. குருடு வெளிப்படையாகத் தெரிவதும், நோய் வெளிப்படையாகத் தெரிவதும், நொண்டல் வெளிப்படையாகத் தெரிவதும், எலும்பிலே சத்தின்றி மெலிந்ததும் உழ்ஹிய்யாவுக்கு ஆகா. வெளிப்படையான நொண்டல் என்பதற்கு அளவு என்ன? நம்மவர் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் அதற்கும் விடை கூறுகின்றன. மேய்ச்சலுக்குச் செல்லும்போது ஏனைய மாடுகள் முந்திச் செல்ல, எந்த மாடு பின்தங்குகின்றதோ அதுவே அத்தகைய நொண்டி. மந்தையின் பின்னே நடந்து பழகியவர் எவரும் இவ்வளவுகோலின் நுட்பத்தைக் கண்டுகொள்வர். மாவடிப்பள்ளி வீதியிலே நாம் கண்ட செவலைப் பசுவை இவ்வளவுகோல் கொண்டு பார்த்தால், ஐயத்துக்கு இடமேயில்லை.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி, இத்தகைய தொற்றுநோய் கண்டால் அரச கால்நடை வைத்தியருக்கு அறிவிப்பது உரிமையாளரின் கடமை. அறிவித்தால் மாட்டைப் பறித்துச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. நாம் அறிந்தவரை அவ்வாறு எவருக்கும் நேர்ந்ததில்லை. அயலிலுள்ள பட்டிகளுக்குத் தடுப்பூசி ஏற்ற வருவார்கள்; அவ்வளவே. கன்று நான்கு மாதமானதும் முதல் ஊசி, ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் மறு ஊசி, அதன் பின்னர் ஆறு மாதத்துக்கொரு முறை என்பது பொதுவான ஒழுங்கு. மருந்து 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரிலே இருந்தாக வேண்டும். வெயிலிலே காய்ந்த மருந்தை ஏற்றுவதும் வெறுந் தண்ணீரை ஏற்றுவதும் ஒன்றே. ஊசி ஏற்றிய மறுநாளே காப்புக் கிடைத்துவிடாது. சில நாள் செல்லும். அயற்பட்டியிலே எச்சில் வடியத் தொடங்கியபின் ஓடுபவர் பிந்தியவரே.

நோய் வந்துவிட்டால் புண்ணைக் கொண்டிஸ் கரைத்த இளஞ்சிவப்பு நீரால் கழுவலாம். வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. மென்மையான புல்லும் கஞ்சியும் வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கும். தொழுவத்தையும் செருப்பையும் கழுவ, விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. பத்து லீற்றர் நீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்தால் இவ்வைரசு அழிந்துவிடும். புளிப்பையும் காரத்தையும் தாங்க மாட்டாத வைரசு இது.

வளவிலே கட்டிய பசு

இதுவரை பட்டி மாடுகளைப் பற்றிப் பேசினோம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு வீடு நெருங்கிய சிறு வளவுகளிலே ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கும் பெண்மணிகளின் சிக்கல் நேர்மாறானது. அங்கே சேறில்லை, சீமெந்துத் தரை. பசு நடப்பதேயில்லை. தேயாத குளம்பு வளர்ந்து வளர்ந்து, கூர்ச் செருப்பைப்போல் முன்னே நீண்டு வளைந்துவிடும். அதனால் பாரம் முழுவதும் குதிப்பக்கம் விழ, உள்ளே தசை நசுங்கிப் புண்ணாகும். ஆண்டுக்கு இரண்டு முறை குளம்பை வெட்டிச் சீர்செய்வது இதற்குத் தீர்வு. மேலைநாட்டுப் பெரிய பசுவுக்கு முன்குளம்பின் நீளம் ஏறக்குறைய 7.5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டுமென்பர். நமது சிறிய நாட்டு மாட்டுக்கு இன்னுங் குறைவு. அடிப்பாகத்தைச் சீவும்போது பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிறிதேனும் அமிழ்ந்தால் அங்கேயே கத்தியை வைத்துவிட வேண்டும். பழகாதவர் தாமே முயலாமல், பழகியவரை அழைப்பதே நலம்.

இன்னொன்று, நமது விருந்தோம்பலால் வருவது. கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் மிஞ்சிய சோற்றை வாளி வாளியாகக் கொண்டுவந்து பசுவுக்குக் கொட்டுகின்றோம். வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் புல்லுக்கென்று அமைந்த வயிற்றிலே அவ்வளவு சோறும் ஒரே நாளில் சேர்ந்தால் புளித்து அமிலமாகின்றது. பசு வயிறு உப்பி அன்றே இறத்தலும் உண்டு. பிழைத்தாலோ, அவ்வமிலத்தின் கேடு இரத்தத்தோடு குளம்புக்குள் இறங்கி, உள்தசையை அழற்றுகின்றது. பசு நெருப்பிலே நிற்பது போலக் காலை மாற்றி மாற்றி வைக்கும். குளம்பிலே வளையம் வளையமாகக் கோடு விழும். விருந்து நடந்த மாதத்தையே மறந்தபின், 'இந்தப் பசுவுக்கு ஏன் கால் இப்படி?' என்று வீட்டார் வியப்பார்கள். அரிசி ஆலைத் தவிட்டையும் நெற்குவியலையும் கட்டவிழ்த்துத் தின்ற மாட்டுக்கும் இதுவே கதி. மிஞ்சிய சோற்றிலே ஒரு கைப்பிடி, இரு கைப்பிடி தரலாம்; எஞ்சியதைக் கோழிக்கும் அயலாருக்கும் பகிரலாம்.

நொண்டல் எல்லாம் குளம்பிலே தொடங்குவதுமில்லை. இன்று முன்கால், நாளை பின்கால் என்று நொண்டல் கால் மாறினால், அது நுளம்பு போன்ற சிறு பூச்சிகளால் பரவும் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். பெரும்பாலும் தானே தீரும். ஆனால் படுத்த மாட்டுக்கு விழுங்கும் வலு குறைந்திருக்குமாதலால் வாயிலே கசாயம் ஊற்றலாகாது, சுவாசப்பைக்குள் போய்விடும். கொழுத்த இளமாடொன்று திடீரென நொண்டி, தொடைச் சப்பை வீங்கி, அழுத்தினால் நொறுநொறுவென்று ஒலித்தால் அது சப்பை நோய். அங்கே மணித்தியாலக் கணக்கிலே ஓட வேண்டும்.

கைவைத்தியத்தைப் பற்றியும் கேட்பார்கள். வேப்பெண்ணெயையும் மஞ்சளையும் நாம் இகழவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதையும், புண்ணிலே இயந்திர எண்ணெய் ஊற்றுவதையும் ஏற்க இயலாது. ஒரு புண்ணுக்கு இன்னொரு புண் மருந்தாகாது. சூட்டின் நோவினாலே மாடு பழைய நோவை மறந்து நாலடி ஓடுவதைக் கண்டு, குணமாயிற்றென்று கூறுவது வழக்கமாகிவிட்டது.

மீண்டும் அந்த வீதிக்கு வருவோம். தேநீர்க் கடையிலிருந்து இரண்டு இளைஞர்கள் உதவிக்கு வந்தனர். ஒரு கயிற்றை முழங்காலுக்கு மேலே சுற்றி, மதகுச் சுவரோரமாகச் செவலையை அணைத்து நிறுத்தி, காலைத் தூக்கினோம். வாயை முன்னரே பார்த்திருந்தோம், சுத்தமாக இருந்தது. மந்தையிலே வேறெந்த மாடும் நொண்டவில்லை. குளம்பின் பிளவிலே அடைத்திருந்த சேற்றைக் கழுவியபோது, அந்த நாற்றம் எழுந்தது. காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே, விரல் நகமளவான நத்தை ஓட்டுத் துண்டொன்று தோலிலே புதைந்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

அன்று பிற்பகலே கால்நடை வைத்தியர் வந்து ஊசி ஏற்றினார். மூட்டுக்கு இன்னும் இறங்கவில்லை என்றும், இரண்டு நாள் பிந்தியிருந்தால் தம்மால் உறுதி கூற இயலாதிருந்திருக்குமென்றும் சொன்னார். காக்கா தமது வாடியின் பின்புறத்திலே, மணலைக் கொட்டி உமியைப் பரப்பி, பத்து மாடுகள் படுக்கக்கூடிய மேடொன்று அமைத்தார். ஒரு நாள் வேலை. நான்கு உழவு இயந்திரப் பெட்டி மணல். தரகர் மீண்டும் வந்தபோது அவர் விலை பேசவில்லை என்று கேள்வியுற்றோம்.

பத்தாம் நாள் அவ்வழியே சென்றபோது இறங்கினோம். மந்தை வீதியைக் கடந்துகொண்டிருந்தது. கடைசியிலே வரும் மாட்டை உற்றுப் பார்த்தோம். அது வேறொரு மாடு, கன்றைத் தேடித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. செவலை எங்கேயென்று கேட்பதற்காக வாடிப் பக்கம் போனோம். காக்காவுக்கு நம்மோடு பேசப் பொழுதில்லை. அவரும் அவருடைய மகனுமாக, ஒரு கிடாரியின் பின்காலைக் கயிற்றிலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளம்புப் பிளவிலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.